பதினாறு என்றுதான் சொன்னேன்

புரட்டாசி 3, திங்கள்

இன்று சின்னம் ஒதுக்கினார்கள். எனக்கு இஸ்திரிப்பெட்டி. நான் கேட்டது பூட்டு சாவி. மாரீஸ்வரியும் அதையே கேட்டாள். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் அவளுக்கு விழுந்தது. பேரூராட்சி அலுவலகத்தை விட்டு வெளியே வந்ததும், "சின்னத்தே, நீங்க ஆசப்பட்டீங்கல்ல, உள்ள போயி மாத்திக்கிடலாமான்னு கேப்பமா?" என்றாள். சொன்னதோடு நிற்காமல் போய்க் கேட்கவும் செய்தாள். விதியில் இடமில்லை என்று அதிகாரி சொல்லிவிட்டார். இடமிருந்தாலும் நான் வாங்கியிருக்க மாட்டேன். எதிர்த்து நிற்கிறவளிடம் இரவல் வாங்கி நான் ஜெயிக்க வேண்டியதில்லை.

தினமும் எழுதச் சொல்லி இந்த நாட்குறிப்பைக் கொடுத்தவள் என் பேத்தி கௌசிகா. கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். மகனும் மருமகளும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள். இவள் என்னோடு இருக்கிறாள். "கவுன்சிலர் சீனியம்மாள் எப்படி ஜெயிச்சாங்கன்னு நாளைக்கு எல்லாரும் படிக்கணும் அப்பத்தா" என்கிறாள். நான் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். நின்றவள் இல்லை, நிறுத்தப்பட்டவள். ஆனாலும் என் கையெழுத்து பள்ளித் தலைமையாசிரியர் கையெழுத்தைவிடத் தெளிவாக இருக்கும். அவரே சொல்லியிருக்கிறார்.

இருபத்தெட்டு வருஷம் அந்தப் பள்ளியில் சத்துணவு சமைத்தேன். இந்தப் பதினோராவது வார்டில் நாற்பது வயதுக்குக் கீழே இருக்கிற யாரும் என் கைச் சோறு தின்னாமல் வளரவில்லை.

முழங்கால் வலி. தைலம் தீர்ந்துவிட்டது.

புரட்டாசி 4, செவ்வாய்

காலையில் அறுபது வீடு ஏறி இறங்கினேன். ஒலிபெருக்கி ஆட்டோ ஓட்டுகிற குருசாமி இரண்டு பக்கத்துக்கும் தெரிந்தவன். இன்று என் பக்கம் ஓட்டினான், நாளை மாரீஸ்வரி பக்கம் ஓட்டுவான். "உள்ளதச் சொல்லட்டா சீனியம்மாக்கா? அந்தப் பிள்ளைக்கு நூறு ஓட்டு கூடுதலா இருக்கு. கோவிச்சுக்கிட்டு சீட்டுல இருந்து எந்திரிச்சிராதீங்க, வண்டி சாஞ்சிரும்" என்றான்.

இருக்கத்தான் செய்யும். மகளிர் குழுவுக்கு அவள்தான் தலைவி. யாருக்கு மனு எழுதவேண்டும் என்றாலும், யாரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றாலும் அவள்தான். இல்லை என்று சொல்ல வராது. வீட்டில் சோறு கொதிக்கும், இவள் அடுத்தவள் பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கத் தாலுகா ஆபீசில் நிற்பாள். இப்படிப்பட்டவள் கவுன்சிலர் ஆனால் எல்லாருக்கும் எல்லாமும் சரி என்று தலையாட்டிவிட்டு வருவாள். அதை யாரும் யோசிப்பதில்லை.

அவள் மாமியார் வெள்ளைத்தாயி என் சிநேகிதி. இருவரும் ஒரே வருஷம் இந்தத் தெருவுக்கு வாழ வந்தவர்கள். மூன்று மாதமாகப் படுக்கை. இன்று அந்த வழியாகப் போனபோது ஜன்னலோரக் கட்டிலில் படுத்தபடி, "ஏய், உனக்குத்தான் ஓட்டுப் போடணும்னு இருக்கு. மருமக சோறு போடுறாளேன்னு யோசனையா இருக்கு" என்றாள். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. மாரீஸ்வரி உள்ளேயிருந்து, "அத்தே, ரகசிய வாக்கெடுப்பு. இப்படிக் கத்தாதீங்க" என்றாள்.

புரட்டாசி 5, புதன்

வெள்ளைத்தாயி விடிகாலையில் போய்விட்டாள். குழாயடியில் குடத்தோடு நின்றபோது சொன்னார்கள்.

குளிப்பாட்ட நான்தான் போனேன். மஞ்சள் தேய்த்து, தலை வாரி, அவளுக்குப் பிடித்த பச்சைச் சேலையை எடுத்துக் கொடுத்தேன். பெட்டியில் எந்த அடுக்கில் இருக்கும் என்பது எனக்குத்தான் தெரியும். மாரீஸ்வரி தரையில் உட்கார்ந்து அத்தையின் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். தூக்கும்போது விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டியிருந்தது.

சாயங்காலம் எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தேன். இன்று ஒரு வீட்டுக்கும் ஓட்டுக் கேட்டுப் போகவில்லை.

புரட்டாசி 6, வியாழன்

காலையில் ஆண்கள் சுடுகாட்டுக்குப் போய்ப் பால் தெளித்துவிட்டு வந்தார்கள். பிறகு வாசல் பந்தலில் உட்கார்ந்து கருமாதிக்கு நாள் குறித்தார்கள்.

எங்கள் தெரு வழக்கம் இது. கருமாதி முடிகிறவரை அந்த வீட்டு ஆட்கள் அடுத்த வீட்டுப் படி ஏறமாட்டார்கள். கோவிலுக்கும் போகமாட்டார்கள். முறைப்படி பதினாறாம் நாள். இப்போதெல்லாம் வேலை வெட்டி என்று ஐந்தாம் நாளே முடித்துக்கொள்கிறவர்களும் உண்டு. எதுவானாலும் தெருவில் மூத்தவர்கள் பந்தலில் வைத்துச் சொல்லவேண்டும். சொன்ன பிறகு மாற்றுவதில்லை.

எங்களில் மூத்த ஆள் பொம்மையா. அவர், "திருமலை, உனக்கு எப்படித் தோதுப்படும்? உன் வீட்டுக்காரி வேற தேர்தல்ல நிக்கிது" என்று ஆரம்பித்தார். திருமலை வெள்ளைத்தாயியின் ஒரே மகன், மாரீஸ்வரியின் புருஷன். மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தான். அவன் என் பக்கம் திரும்பினான்.

"சித்தி, நீங்க சொல்லுங்க. அம்மாவுக்குக் கூடப்பிறந்த மாதிரி நீங்கதான். அஞ்சுன்னாலும் சரி, பதினாறுன்னாலும் சரி. நீங்க சொல்றதுதான்."

கதவுக்குப் பின்னால் மாரீஸ்வரி நின்றாள். சேலை நுனி தெரிந்தது.

நான் பதினாறு என்றேன்.

வெள்ளைத்தாயி முறை தவறாதவள். அவளுக்குக் குறைவைக்கக் கூடாது. அதையும் சொன்னேன். பதினாறு நாளும் அந்த வீட்டுக்குக் காலைச் சாப்பாடு என் வீட்டிலிருந்து வரும் என்றும் சொன்னேன். "எதுத்து நிக்கிற வீட்டுக்கா சோறு கொண்டாரப் போற?" என்றார் பொம்மையா. "செத்தது என் சிநேகிதி. தேர்தல்ல அவ நிக்கலையே" என்றேன். பந்தலில் இருந்த பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பொம்மையாவும் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

திருமலை எழுந்து வந்து என் காலைத் தொட்டான்.

புரட்டாசி 7, வெள்ளி

காலையில் இட்லியும் தக்காளிச் சட்னியும் தூக்குவாளியில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். திரும்பி வந்து தலைக்குக் குளித்துவிட்டுத்தான் ஓட்டுக் கேட்கப் போகவேண்டும். துக்க வீட்டுக்குப் போன உடம்போடு அடுத்தவர் வாசல் ஏறக்கூடாது. ஒரு நாளைக்கு இரண்டு தலைக்குளியல். இந்த வயதில் இதற்கே ஒரு பதவி கொடுக்கலாம்.

கௌசிகா நாள்காட்டியைக் கிழித்துக்கொண்டே, "அப்பத்தா, ஓட்டுப்பதிவு பதினஞ்சு. எண்ணிக்கை பதினெட்டு. கருமாதி இருவது. அப்ப மாரீஸ்வரி அத்தை கடைசி வரைக்கும் ஒரு வீட்டுக்கும் போகமுடியாதுல்ல?" என்றாள்.

நான் நாள் எல்லாம் எண்ணவில்லை என்றேன். முறையைச் சொன்னேன், அவ்வளவுதான்.

புரட்டாசி 8, சனி

பொங்கல், கொத்சு. சனிக்கிழமை என்பதால் பெருமாளுக்குத் தளிகை போட்டுவிட்டு எடுத்துப் போனேன்.

நான் தூக்குவாளியோடு அந்த வீட்டுப் படியில் ஏறும்போது கௌசிகா கைபேசியில் படம் எடுத்தாள். வார்டு வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டாள். அதற்குக் கீழே, "எதிரி வீட்டுக்கும் அன்னம் இடும் கை! உங்கள் சின்னம் இஸ்திரிப்பெட்டி" என்று எழுதியிருந்தாள். நான் எடுக்கச் சொல்லவில்லை. நல்ல படமாக விழுந்திருந்தது. முகத்தில் வெயில் அளவாக இருந்தது.

நூற்றுக்கு மேல் கும்பிடு கை போட்டிருக்கிறார்கள் என்றாள்.

புரட்டாசி 9, ஞாயிறு

மழை. புளிச்சோறு கொண்டுபோனேன். இன்று ஐந்தாம் நாள்.

புரட்டாசி 10, திங்கள்

வடக்குப் பக்கம் எண்பது வீடு. அது முழுக்க மாரீஸ்வரியின் குழுப் பெண்கள் இருக்கிற பக்கம். போனமுறை தண்ணீர்கூடக் கொடுக்காத வீட்டில் இன்று நாற்காலி போட்டார்கள்.

"அவங்க வீட்டுக்கே சாப்பாடு கொண்டு போறீங்களாமே அக்கா? எங்க அம்மா கேட்டுட்டு அழுதுருச்சு" என்றாள் ஒருத்தி.

"அது வேற, இது வேற. அத வச்சு எனக்கு ஓட்டுப் போடாத" என்றேன்.

"இப்படிச் சொல்றீங்க பாருங்க, இதுக்குத்தான் போடணும்" என்றாள்.

நான் மூன்று வீட்டில் இதே மாதிரி சொன்னேன். மூன்று வீட்டிலும் அதே பதில்தான். நாலாவது வீட்டில் அவர்கள் கேட்கும் முன்பே சொன்னேன்.

குழுப் பெண்கள் நாலைந்து பேர் மாரீஸ்வரிக்காக நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு போகிறார்கள். "ஆளு எங்க?" என்று கேட்கிறார்கள் எல்லாரும். ஆள் வராமல் நோட்டீஸ் வந்தால் அந்த நோட்டீஸில் வடைதான் மடிப்பார்கள்.

கிரைண்டர் பெல்ட் இழுக்கிறது. மாற்றவேண்டும்.

புரட்டாசி 11, செவ்வாய்

ரவை உப்புமா. மாரீஸ்வரி வாசலுக்கு வந்து வாங்கிக்கொண்டாள். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடக்கிறது. "உங்க முட்டிக்கு ரெண்டு நேரம் குளிக்கிறது ஆகாது சின்னத்தே. தூக்குவாளிய வாசல்ல வச்சுட்டுக் குரல் குடுங்க, நான் எடுத்துக்கிடுறேன்" என்றாள். உள்ளே போய் அவள் வைத்திருந்த தைலப் புட்டியைக் கொண்டுவந்தாள். துக்க வீட்டிலிருந்து எதுவும் வாங்கிப் போகக் கூடாது என்று சொல்லி மறுத்துவிட்டேன்.

மத்தியானம் கௌசிகா சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"அப்பத்தா, தாத்தாவுக்கு நாம அஞ்சாம் நாள்தான முடிச்சோம்?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நான் அப்ப ஏழாவது. ஸ்கூலுக்கு நாலு நாள்தான் போகல. அஞ்சாம் நாள் கருமாதி சாப்பாடு சாப்ட்டுட்டு, மறுநாள் பரீட்சைக்குப் போனேன். அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"அது வேற" என்றேன்.

"என்ன வேற?"

அது வேறுதான். ஏழு வருஷத்துக்கு முன்னால் அவர் செத்த வாரம், கலெக்டர் ஆபீசிலிருந்து எங்கள் சமையல்கூடத்தைப் பார்க்க வருகிறதாக இருந்தது. வட்டாரத்திலேயே சிறந்த கூடம் என்று எங்களைத் தேர்வு செய்திருந்தார்கள். நான் இல்லாவிட்டால் பொறுப்பாளர் பெயரில் போய்விடும். ஏழாம் நாள் நான் வேலைக்குப் போனேன். சான்றிதழ் என் பெயரில் வந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன், எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். இதில் மறைக்க என்ன இருக்கிறது? ஆண்பிள்ளை சாவு ஒரு மாதிரி, வீட்டைக் கட்டி ஆண்ட கிழவி சாவு ஒரு மாதிரி. இதை அவளிடம் சொன்னேன்.

அவள், "ம்" என்றாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் குருசாமி வந்தான். குழுவில் அந்தப் படத்தைக் காணோமே, யார் அழித்தது என்று கேட்டான். கௌசிகாதான் அழித்திருக்கிறாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. பார்க்க வேண்டியவர்கள் பார்த்தாயிற்று.

புரட்டாசி 12, புதன்

கிரைண்டர் பெல்ட் மாற்றியாயிற்று. தோசை, வெங்காயச் சட்னி. முப்பது வீடு.

புரட்டாசி 13, வியாழன்

இன்று மாலை ஐந்து மணியோடு பிரசாரம் முடிந்தது.

மத்தியானம் நான் திருமலை வீட்டு வழியாக வந்தேன். மாரீஸ்வரி வாசற்படிக்கு உள்பக்கம் நின்று தெருவில் போகிறவர்களுக்குக் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தாள். படியைத் தாண்டவில்லை. சிலர் நின்று துக்கம் விசாரித்தார்கள். துக்கம் விசாரித்தவர்களிடம் ஓட்டுக் கேட்கமுடியாதல்லவா? அவள் கேட்கவில்லை. கும்பிட மட்டும் செய்தாள்.

அப்போது குருசாமியின் ஆட்டோ வந்தது. அவள் முன்பே பேசிப் பதிவு செய்துகொடுத்ததை ஓடவிட்டிருந்தான். "உங்கள் வீட்டு மகள் மாரீஸ்வரி, உங்கள் வீடு தேடி வருகிறேன்" என்று அவள் குரல் அவள் வாசலைத் தாண்டிப் போனது. அவள் நின்று கேட்டாள். ஆட்டோ திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போனாள்.

நானும் வீட்டுக்கு வந்துவிட்டேன். இன்னும் பன்னிரண்டு வீடு பாக்கி இருந்தது. நேரமும் இருந்தது. முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

புரட்டாசி 14, வெள்ளி

சேமியா. பொம்மையா வந்து காப்பி குடித்தார். "நீ சொன்னதுதான் முறை சீனி. இப்ப உள்ளதுக யாருக்குத் தெரியுது?" என்றார். கௌசிகா அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அவருக்கு எண்பத்திரண்டு வயது. பல விஷயம் மறந்துவிட்டது.

புரட்டாசி 15, சனி

வாக்குப்பதிவு. பள்ளிக்கூடத்தில்தான். நான் சமைத்த கூடத்துக்குப் பக்கத்து அறை. முதல் ஆளாகப் போட்டுவிட்டு, விதிப்படி தள்ளிப் போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன்.

பதினொரு மணி வாக்கில் மாரீஸ்வரி வந்தாள். தலைக்குக் குளித்து ஈரம் சொட்டச் சொட்ட வந்தாள். திருமலை வீட்டிலேயே இருந்துவிட்டான். வரிசையில் அவளுக்கு முன்னாலும் பின்னாலும் இரண்டு முழம் இடம் விட்டு நின்றார்கள். மரியாதைக்காகத்தான். ஆனால் வேட்பாளர் ஒருத்தி அப்படித் தனியாக நிற்பதைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. நான் எழுந்துபோய், "சாப்ட்டியா?" என்றேன்.

"நீங்க குடுத்ததுதான சாப்ட்டேன்" என்றாள்.

அவளுக்குப் பின்னால் நின்ற ஒருத்தி இன்னொருத்தியிடம், "பாத்தியா, இந்த மனசு யாருக்கு வரும்?" என்று சொன்னது என் காதில் விழுந்தது. மாரீஸ்வரி காதிலும் விழுந்திருக்கும்.

புரட்டாசி 16, ஞாயிறு

இட்லி. துணி துவைத்தேன்.

புரட்டாசி 17, திங்கள்

ரேஷனில் துவரம்பருப்பு வரவில்லை. கௌசிகா பேச்சைக் குறைத்துக்கொண்டாள். பரீட்சை என்கிறாள்.

புரட்டாசி 18, செவ்வாய்

ஜெயித்துவிட்டேன். இருபத்தைந்து வாக்கு வித்தியாசம்.

வடக்குப் பக்கப் பெட்டியில்தான் எனக்கு ஏறியது என்றார்கள். குருசாமி ஆட்டோவில் என்னை உட்காரவைத்து வார்டு முழுக்கச் சுற்றினான். திருமலை வீட்டுப் பக்கம் வரும்போது ஒலிபெருக்கியை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினான். அதையும் பெரிதாகப் பேசினார்கள். "நல்ல மனசுக்காரி ஜெயிச்சா" என்று தெருவெல்லாம் ஒரே பேச்சு. நல்லவர்களுக்குக் காலமில்லை என்று யார் சொன்னது என்றார் தலைமையாசிரியர். பொன்னாடை போர்த்தினார்.

மகன் திருப்பூரிலிருந்து பேசினான். அழுதான். ஐந்தாம் வகுப்பில் என்னை நிறுத்தியபோது நான் அழுததை அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை. எப்படியோ தெரிந்திருக்கிறது.

சான்றிதழைக் கௌசிகாவிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். முழுக்க வாசித்தாள். நன்றாக வாசித்தாள். மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, "வாழ்த்துகள் அப்பத்தா" என்றாள். பள்ளியில் பரிசு கொடுக்கிறவர்கள் சொல்வது மாதிரி இருந்தது.

புரட்டாசி 19, புதன்

வந்து போகிறவர்கள் கூட்டம். ஆனாலும் காலையில் பொங்கலைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் மாலையை வாங்கிக்கொண்டேன்.

புரட்டாசி 20, வியாழன்

கருமாதி.

பந்தலில் எனக்கு முதல் நாற்காலி போட்டார்கள். பெண்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். கருமாதி வீடா என் வீட்டு விசேஷமா என்று சந்தேகம் வரும்படி இருந்தது. சாப்பாடு இரண்டு மணிக்கு ஓய்ந்தது. சாம்பாரில் உப்புக் குறைவு. வடை நன்றாக இருந்தது.

எல்லாரும் போனபிறகு நான் கொல்லைப் பக்கம் கை கழுவப் போனேன். மாரீஸ்வரி அங்கே அண்டா கழுவிக்கொண்டிருந்தாள். என் தூக்குவாளியை விளக்கிக் கவிழ்த்து வைத்திருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"சின்னத்தே, ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"உங்க வீட்டு மாமா செத்தப்ப, அஞ்சு போதும்னு பந்தல்ல யாரு சொன்னா? ஞாபகம் இருக்கா?"

நான் கையைக் கழுவ ஆரம்பித்தேன்.

"எங்க அத்தைதான். பொம்மையா பெரியப்பா பதினாறுதான்னு ஒத்தக்கால்ல நின்னாரு. இவங்க வெளிய வந்து, 'சீனி வேலைக்குப் போகணும்யா. அவ பேரு மேல எழுந்து வர்ற நேரம். செத்த மனுசன் வந்து விரல் விட்டு நாள் எண்ணப் போறாரா'ன்னு ஆம்பளைக நடுவுல நின்னு சத்தம் போட்டாங்க. அன்னைக்கு வந்தவங்களுக்கெல்லாம் காப்பி குடுத்துட்டு இருந்தவ நான்தான்."

"பெறகு உங்க அத்தைக்கு நாள் குறிச்சப்ப நீ ஏன் வாயத் திறக்கல?" என்றேன். என் குரல் சண்டைக்குப் போகிற மாதிரி வந்தது.

"எப்படித் திறக்க? எனக்கு அஞ்சு போதும்னு நானே சொன்னா, கெழவி சாம்பல் ஆறல, அதுக்குள்ள ஓட்டுக்கு அலையிறாம்பாங்க. வேற யாராவதுதான் சொல்லணும்." அவள் முந்தானையில் கையை மறுபடியும் துடைத்தாள். ஏற்கெனவே உலர்ந்த கை. "நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன் சின்னத்தே. கதவுக்குப் பின்னால நின்னு உங்க வாயையேதான் பாத்துட்டு இருந்தேன்."

கொல்லையில் காக்கைகள் இலைக்குச் சண்டை போட்டன. அவள் ஒரு கல்லை எடுத்து எறிந்தாள், படவில்லை.

"கோவமில்ல. தோத்ததுக்காகக் கேக்கல. ஒருவேள அஞ்சுன்னு வச்சிருந்தாலும் தோத்திருப்பனோ என்னவோ. கருமாதி வரைக்கும், ஒரு நாளு விடாம, அந்த முட்டியோட சோறு தூக்கிட்டு வந்தீங்க. அது பொய்யின்னு என்னால நெனைக்க முடியல. வாசன வச்சே தெரியும்ல, எது மனசோட செஞ்சதுன்னு? சோறும் நெசம். பதினாறும் நெசம். ரெண்டையும் ஒண்ணா வச்சுப் பாக்க எனக்குத் தெரியல. அதான் கேட்டேன்."

நான் சாம்பாரில் உப்புக் குறைவு என்றேன்.

"ஆமா. நானும் பாத்தேன்" என்றாள்.

தூக்குவாளியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து திறந்தால் உள்ளே அந்தத் தைலப் புட்டி. கருமாதி முடிந்துவிட்டது, இனி அந்த வீட்டிலிருந்து வாங்கலாம்.

புரட்டாசி 21, வெள்ளி

காலையில் ஐந்து மணிக்கு எழுந்து இட்லி ஊற்றிவிட்டேன். பிறகுதான் நேற்றோடு முடிந்தது என்பது ஞாபகம் வந்தது. இருவர் சாப்பிட முடியாத அளவு இட்லி. சாயங்காலம் உதிர்த்துத் தாளித்தேன்.

புரட்டாசி 24, திங்கள்

ஒன்றும் இல்லை.

புரட்டாசி 26, புதன்

பதவியேற்பு. பேரூராட்சி மன்றத்தில் பதினைந்து பேர். என் முறை வந்தபோது தாளைப் பார்க்காமல் உறுதிமொழி சொன்னேன். நேற்றே மனப்பாடம் செய்திருந்தேன். மற்றவர்கள் எல்லாரும் பார்த்துத்தான் வாசித்தார்கள். பட்டம் வாங்கியவர்களும்தான்.

மாரீஸ்வரி குழுப் பெண்களோடு வந்திருந்தாள். சுவரோரம் நின்று கைதட்டினாள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் ஒரு தட்டு கூடுதலாகத் தட்டினாள். வெளியே வந்ததும் இரண்டு மனுக்களை நீட்டினாள். ஒன்று முதியோர் உதவித்தொகைக்கு, ஒன்று யாருடைய பிள்ளைக்கோ. "உங்க முதல் கையெழுத்து சின்னத்தே. அழகாப் போடுங்க" என்றாள். போட்டேன். எனக்கு எதிராக ஓட்டுப் போட்ட வீட்டுக்காரர்களின் மனுக்கள். அவளுக்கு எதிராக ஓட்டுப் போட்டவர்களுடையதாகவும் இருக்கலாம். அவள் அதைக் கேட்டிருக்கமாட்டாள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் கௌசிகா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "டைரி எழுதினீங்கல்ல அப்பத்தா? நான் படிக்கலாமா?" என்றாள்.

"இன்னும் முடிக்கல" என்றேன்.

"தேர்தல்தான் முடிஞ்சிருச்சே?"

"ஒரு இடத்துல ஒரு வரி விட்டுப்போச்சு. அத எழுதிட்டுத் தர்றேன்."

வந்து சேலை மாற்றவில்லை. அப்படியே உட்கார்ந்து ஆறாம் தேதிப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். நான் பதினாறு என்றேன் என்ற வரிக்கு மேலே இடம் இல்லை. நெருக்கி எழுதிவிட்டேன். ஆகவே இங்கே எழுதுகிறேன். படிக்கிறவள் அங்கே சேர்த்துக்கொள்ளட்டும்.

அன்று பந்தலில் திருமலை கேட்டபோது என் வாயில் முதலில் வந்தது ஐந்து. அதை விழுங்கிவிட்டுத்தான் பதினாறு என்றேன்.